தோத்துக் கொடுக்காத ஆட்டம்

அறுப்பு முடிஞ்சு மூணு வாரம் ஆகுது. நெல்லு கொள்முதல் நிலையத்துக்குப் போயிடுச்சு, வைக்கோலையும் கட்டி ஏத்தியாச்சு. அறுப்புக்கு ஒரு வாரம் முன்னாடி வயல் ஈரத்துல தெளிச்ச உளுந்து இப்ப சாண் உயரம் நிக்குது. இந்த நேரத்துலதான் எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடியும். மகன் கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். போன வாரம் சென்னைக்குப் போயிட்டு வந்தேன்.

சென்னைக்குப் போனா வழக்கமா மயிலாப்பூர் கோயில், மெரினா, மகன் வீட்டு மொட்டை மாடி, அவ்வளவுதான். இந்தத் தடவை நுங்கம்பாக்கம் டென்னிஸ் ஸ்டேடியத்துக்குப் போனேன். திரும்பி வந்து டீக்கடையில சொன்னதும் எல்லாரும் சிரிச்சாங்க. “எட்டு மா நிலத்தை வச்சுக்கிட்டு உனக்கு டென்னிஸ் எதுக்குய்யா?”ன்னு ஒருத்தர் கேட்டார். எட்டு மான்னா உங்க கணக்குல ரெண்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல. எங்க பக்கம் மூணு மா ஒரு ஏக்கர்.

நீங்களும் அப்படித்தான் நினைப்பீங்க. அதனால முதல்லேர்ந்து சொல்றேன்.

1986-ல பத்தாவது முடிச்சேன். மேல படிக்க வீட்டுல வசதி இல்லை. எங்க ஊர்லேர்ந்து நாலு கிலோமீட்டர்ல தாலுகா டவுன். அங்க ஆபீசருங்க சேர்ந்து நடத்துற ஒரு கிளப்பு இருந்துச்சு. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், பின்பக்கம் ரெண்டு டென்னிஸ் கோர்ட்டு. இப்ப பாக்குற மாதிரி பச்சை, நீலம்னு சாயம் அடிச்ச கோர்ட்டு கிடையாது. மண்ணு கோர்ட்டு, மேல சாணி மெழுகினது. அந்தக் காலத்துல தெக்கத்திப் பக்கம் பல ஊர்ல கோர்ட்டு இப்படித்தான். எங்கப்பா மாசம் ஒரு வண்டி சாணி அங்க கொண்டுபோய்ப் போடுவார். ஒரு நாள் அங்க இருந்த மார்க்கர், “மெழுகத் தெரிஞ்ச பய யாராச்சும் இருந்தா அனுப்புங்க”ன்னு கேட்டிருக்கார். அப்பா என்னை அனுப்பிட்டார்.

எனக்கு மெழுகுறதுல என்ன கஷ்டம்? எட்டு வயசுலேர்ந்து அம்மாவோட களம் மெழுகினவன். கதிர் அடிக்கிறதுக்கு முன்னாடி களத்தைச் செதுக்கி, தண்ணி தெளிச்சு, சாணியைக் கரைச்சு மெழுகி வச்சாத்தான் நெல்லுல மண்ணு கலக்காது. டென்னிஸ் கோர்ட்டும் அதே கதைதான், ஆனா கை இன்னும் நிதானமா போகணும். மண்ணைச் சலிச்சுப் போட்டு, கல்லு உருளையை இழுத்து இறுக்கணும். சாணிக் கரைசலை விளக்குமாத்தால ஒரே சீரா இழுத்துவிடணும். ஒரு இடத்துல தடிச்சுப் போச்சுன்னா பந்து அங்க விழுந்து செத்துப்போகும். மெல்லிசா போச்சுன்னா வெயில்ல வெடிச்சுப் பெயர்ந்துக்கும். காய்ஞ்சப்புறம் நூல் பிடிச்சு சுண்ணாம்புல கோடு போடணும். சாயங்காலம் ஆபீசருங்க ஆடும்போது பந்து பொறுக்கிப் போடணும். மாசம் நாப்பது ரூபாய் சம்பளம்.

மார்க்கர்னா என்னன்னு சொல்லணும். கிளப்புல ஆள் குறைஞ்சா கூட ஆடுறதுக்கும், புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறதுக்கும், மட்டைக்கு நரம்பு கட்டுறதுக்கும் சம்பளத்துக்கு இருக்கிற ஆளு. மெம்பர் கிடையாது. உள்ளே நாற்காலியில உக்கார முடியாது. நான் அவரை மார்க்கர் அண்ணன்னுதான் கூப்பிடுவேன். அப்ப அவருக்கு நாப்பது வயசு இருக்கும். ஒல்லியான உடம்பு, யாரோ ஒரு டாக்டர் கழிச்சுப் போட்ட கேன்வாஸ் ஷூ, கையில மரமட்டை.

அவர் ஆடுறதைப் பாத்தா ஒண்ணும் பெருசாத் தெரியாது. தாசில்தாருக்கு வலது கைப் பக்கம் அடிக்கப் பிடிக்கும், அங்கேயே பந்து போகும். டாக்டருக்கு நெட்டுக்கிட்ட வந்து வாலி அடிக்கப் பிடிக்கும், அவருக்கு நெஞ்சு உயரத்துல பந்து வரும். எல்லாருகிட்டயும் தோப்பார். அதுவும் சும்மா தோக்க மாட்டார். 6-4, 7-5ன்னு இழுத்துக் கொண்டுபோய், ஜெயிச்சவருக்கு வியர்க்க வச்சுத்தான் தோப்பார். ஜெயிச்சவர் சந்தோஷமா ஒரு ரூபாயோ ரெண்டு ரூபாயோ கொடுத்துட்டுப் போவார். மூணு மாசம் பக்கத்துலயே நின்னு பந்து பொறுக்கினப்புறம்தான் எனக்கு விஷயம் புரிஞ்சது. அந்த கிளப்புல அவரை ஜெயிக்கிற ஆளே கிடையாது.

டென்னிஸ் உலகத்தையும் அவர்தான் எனக்குக் காட்டினார். தென்காசிக் குடும்பத்து ராமநாதன் கிருஷ்ணன் 1954-ல விம்பிள்டன்ல பசங்க போட்டியில ஜெயிச்சது, 1960-லயும் 1961-லயும் பெரியவங்க போட்டியிலயே அரை இறுதி வரைக்கும் போனது, அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979-ல அதே பசங்க போட்டியில ஜெயிச்சது, எல்லாம் உருளை இழுக்கும்போது சொல்லுவார். அப்பனும் மகனும் ஒரே இடத்துல கப்பு வாங்கினதை, ஒரே வயல்ல ரெண்டு தலைமுறை வெள்ளாமை எடுத்த மாதிரி பெருமையா சொல்லுவார்.

ரமேஷைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார். “அவன் சர்வீசைப் பாரு, நம்ம தாசில்தாரு கூட அதைவிட வேகமா போடுவார். ஆனா பந்து எங்க போகணும்னு அவனுக்கு முன்கூட்டியே தெரியும்டா. அடிக்கிறது இல்லை, கொண்டுபோய் வைக்கிறது”ன்னு சொல்லுவார். 1987 அக்டோபர்ல சிட்னியில டேவிஸ் கப் அரை இறுதி. ஆஸ்திரேலியாக்காரன் மண்ணுல, அவன் புல்லுல. ரெண்டுக்கு ரெண்டுன்னு நின்னு, கடைசி ஆட்டத்துல ரமேஷ் வாலி மசூரை நேர் செட்டுல ஜெயிச்சு இந்தியாவை பைனலுக்குக் கொண்டுபோனார். பேப்பரை டீக்கடையில நின்னுக்கிட்டே அண்ணன் மூணு தடவை படிச்சார். அன்னிக்கு எனக்கு வடை வாங்கிக் கொடுத்தார். டிசம்பர்ல ஸ்வீடன்ல நடந்த பைனல்ல நாம 5-0ன்னு தோத்தோம். அப்பவும் பேப்பரை மூணு தடவை படிச்சார். வடை மட்டும் இல்லை.

இதுக்கு நடுவுல ஒரு சம்பவம் நடந்துச்சு. மாற்றலாகி வந்த ஒரு இளவயசு பேங்க் ஆபீசர், காலேஜ் டீம்ல ஆடினவர். ரெண்டு நாள் அண்ணனோட ஆடிட்டு மூணாம் நாள் சொன்னார்: “நீங்க விட்டுக் கொடுக்கிறது எனக்குத் தெரியுது. இன்னிக்கு நிஜமா ஆடுங்க.” அண்ணன் சிரிச்சு மழுப்பினார். அவர் விடலை. மத்த மெம்பருங்க நாற்காலியில உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. அண்ணன் என்னைத் திரும்பிப் பாத்தார், ஷூ கயித்தை அவுத்து இறுக்கிக் கட்டினார்.

6-1. அரை மணி நேரம் கூட ஆகலை. பேங்க் ஆபீசர் நெட்டைத் தாண்டி வந்து அவர் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். நல்ல மனுசன். ஆனா நாற்காலியில இருந்தவங்க யாரும் பேசலை. அவங்களுக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சுது, இத்தனை வருஷமா தாங்க ஜெயிச்ச ஆட்டமெல்லாம் என்னன்னு. மறுநாள் அண்ணனைக் கூப்பிட்டு, ஒரு வாரம் வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. காரணம் சொல்லலை. அந்த ஒரு வாரம் கோர்ட்டை நான் ஒருத்தனா மெழுகினேன். எட்டாம் நாள் வந்தார். “ஏண்ணே ஜெயிச்சீங்க?”ன்னு கேட்டேன். “கையில இருக்கா, போயிடுச்சான்னு ஒரு நாள் பாத்துக்கிட்டேன்டா”ன்னார். அன்னிக்குச் சாயங்காலம் தாசில்தார்கிட்ட 6-4ன்னு தோத்தார்.

1989 தை மாசம். அறுப்பு நேரத்துல அப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. தம்பி தங்கச்சி சின்னப் புள்ளைங்க. கோர்ட்டை விட்டுட்டு வயலுக்குத் திரும்ப வேண்டியதாப் போச்சு. சொல்லிட்டு வரலாம்னு கிளப்புக்குப் போனப்ப அண்ணன் பேப்பரோட ஓடி வந்தார். ஆஸ்திரேலியன் ஓப்பன் ரெண்டாவது சுத்துல ரமேஷ் கிருஷ்ணன், மேட்ஸ் விலாண்டரை ஜெயிச்சிருந்தார். அப்ப உலகத்துல ஒண்ணாம் நம்பர் விலாண்டர்தான், போன வருஷம் அங்க கப்பு வாங்கினதும் அவர்தான். 1987-ல நம்மளை 5-0ன்னு அடிச்ச ஸ்வீடன் அணியில இருந்தவரும் அவர்தான். அண்ணன் சிரிக்கிறார், நான் அப்பா விஷயத்தைச் சொல்ல முடியாம நிக்கிறேன். கடைசியில சொன்னேன்.

அதுக்கப்புறம் முப்பத்தஞ்சு வருஷம் நாத்து, நடவு, களை, அறுப்பு. மட்டையைத் தொடலை. ஆனா பாக்கிறதை மட்டும் விடலை. முதல்ல பக்கத்து வீட்டு டிவி, அப்புறம் எங்க வீட்டு டிவி, இப்ப போன்.

நான் பாக்கிறதே வேற மாதிரி. உங்களுக்கு ஆட்டக்காரன் தெரிவான், எனக்கு முதல்ல தரைதான் தெரியும். விம்பிள்டன்ல போடுறது ரை புல்லு. 2001-லேர்ந்து முழுக்க அந்த ஒரே ரகம்தான், முன்னாடி வேற ரகமும் கலந்து போட்டாங்க. 8 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி வைக்கிறாங்க. தரை இறுகி, பந்து முன்னைவிட எழும்பி வருது. அதனாலதான் சர்வீஸ் போட்டதும் நெட்டுக்கு ஓடி வர்ற ஆட்டம் குறைஞ்சு, பின்னால நின்னு அடிக்கிற ஆட்டம் கூடிப் போச்சு. விதை மாத்தினா விவசாயமே மாறும்னு எங்களுக்குத் தெரிஞ்சதுதான். ரெண்டாவது வாரம் பாருங்க, கோட்டுக்கிட்ட புல்லு தேய்ஞ்சு மண்ணு தெரியும். மாடு தினம் நடக்கிற வரப்பு மாதிரி இருக்கும்.

பாரீஸ்ல செங்கல் தூளு. அந்தச் சிவப்பு மேலாக்க ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர்தான், கீழே சுண்ணாம்புக் கல்லுத் தூளு இறுக்கிப் போட்டிருப்பாங்க. தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கணும், இல்லேன்னா காத்துல பறந்துடும். பந்து விழுந்த தடம் அந்த மண்ணுல பதிஞ்சிருக்கும். நடுவர் இறங்கி வந்து குனிஞ்சு அந்தத் தடத்தைப் பாக்கும்போது, எலி போன தடத்தை வரப்புல குனிஞ்சு பாக்கிற எங்க ஊர் ஆளுதான் ஞாபகத்துக்கு வருவார்.

சரி, நுங்கம்பாக்கத்துக்கு வர்றேன்.

2023 செப்டம்பர்ல பேப்பர்ல ஒரு செய்தி படிச்சேன். சுமித் நாகல், ஹரியானாக்காரப் பையன். இந்தியாவுல ஒத்தையர் ஆட்டத்துல அப்ப அவன்தான் முதல் ஆளு. வருஷம் பூரா உலகம் சுத்தி ஆடியும் பேங்குல அவன்கிட்ட இருக்கிறது 900 யூரோ, நம்ம காசுக்கு எண்பதாயிரம் ரூபாய்னு அவனே சொல்லியிருந்தான். பயிற்சியாளருக்குச் சம்பளம், பிளைட்டு, தங்குற செலவு எல்லாம் கையிலேர்ந்து போகணும். ஜெயிச்சா வரும், முதல் சுத்துலயே தோத்தா கொஞ்சூண்டு வரும்.

அந்தக் கணக்கு எனக்குப் புரிஞ்ச மாதிரி யாருக்குப் புரிஞ்சிருக்கும்? முதல்ல போடணும், அப்புறம்தான் பாக்கணும். விதை, உரம், நடவுக் கூலி, அறுப்பு மிஷின் வாடகை எல்லாம் போட்டுட்டு வானத்தைப் பாத்துக்கிட்டு உக்காரணும். 2023 அக்டோபர் 10-ம் தேதியே மேட்டூர் அணையை மூடிட்டாங்க. பக்கத்துக்காரர் போர்வெல்லுல மணிக்கணக்குக்குத் தண்ணி வாங்கித்தான் சம்பாவைக் காப்பாத்தினேன். பொங்கலுக்கு முந்தின வாரம் மழை வந்து, பழுத்து நின்ன கதிர்ல ரெண்டு மா சாஞ்சு போச்சு. எல்லாம் போக கையில நின்னது பதினோராயிரம். அந்தப் பையன்கிட்ட எண்பதாயிரமாச்சும் இருந்துச்சு.

32 பேர் ஆடுற போட்டியில ஒருத்தன்தான் ஜெயிக்கிறான். மிச்சம் 31 பேரும் தோத்துட்டுத்தான் அடுத்த ஊருக்கு மூட்டையைக் கட்டுறான். வாரா வாரம் இதேதான். டிவியில நமக்குக் கப்பைத் தூக்குற கைதான் தெரியுது. அந்த 31 பேரு இல்லாம அவன் யாரை ஜெயிப்பான்?

2024 ஜனவரி 16, மாட்டுப் பொங்கல். வாய்க்கால்ல மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்குச் சாயம் அடிச்சு, நெட்டி மாலை கட்டிக்கிட்டு இருந்தேன். மகன் ஊருக்கு வந்திருந்தான். போனை நீட்டினான். “அப்பா, உங்க ஆளு ஜெயிச்சுட்டாரு.” ஆஸ்திரேலியன் ஓப்பன் முதல் சுத்துல நாகல் 31-வது சீடு பப்ளிக்கை 6-4, 6-2, 7-6ன்னு அடிச்சிருந்தான். தகுதிச் சுத்து ஆடி உள்ள வந்தவன். கிராண்ட் ஸ்லாம் ஒத்தையர்ல சீடு வாங்கின ஒருத்தரை இந்திய ஆம்பளை ஒருத்தர் ஜெயிச்சு முப்பத்தஞ்சு வருஷம் ஆகுதுன்னு போட்டிருந்தது. கடைசியா ஜெயிச்சது யாருன்னும் போட்டிருந்தது. ரமேஷ் கிருஷ்ணன், 1989, விலாண்டர்.

அந்த வரியைப் படிச்சுட்டு நான் மாட்டுக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். நான் கோர்ட்டை விட்டுட்டு வந்த நாளு. அண்ணன் பேப்பரைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்த நாளு. அதுக்கும் இதுக்கும் நடுவுல யாருமே இல்லையா?

மகன் என் முகத்தைப் பாத்துட்டு ஒண்ணும் கேட்கலை. பிப்ரவரியில சென்னையில சேலஞ்சர் போட்டி இருக்கு, நாகல் வர்றார்னு சொல்லி அவனே டிக்கெட் ஏற்பாடு பண்ணினான். ஞாயித்துக்கிழமை, 11-ம் தேதி, பைனல்.

இருபது வருஷம் பெரிய போட்டி நடந்த இடம் அது. 2008-ல நடால் அங்க அரை இறுதியில மோயாவோட நாலு மணி நேரத்துக்குப் பக்கமா ஆடி ஜெயிச்சுட்டு, பைனல்ல யூஷ்னிகிட்ட 6-0, 6-1ன்னு தோத்தார். பேப்பர்ல படிச்சது எனக்கு இன்னும் நினைவு இருக்கு. 2018-ல அந்தப் போட்டி புனேவுக்குப் போயிடுச்சு. சேலஞ்சர்ங்கிறது அதுக்குக் கீழ்ப்படி. நம்ம ஊர்க் கணக்குல சொன்னா, டவுன் சந்தைக்குப் போறதுக்கு முன்னாடி கிராமச் சந்தை.

நாகல் உயரமான ஆளு இல்லை. சர்வீஸ் இடி மாதிரி விழாது. ஆனா ஓடுறான். விட்டுட்டான்னு நாம நினைக்கிற பந்தை எடுத்துப் போடுறான். அதையும் சும்மா எடுக்கலை, எதிராளி நிக்காத இடத்துல கொண்டுபோய் வைக்கிறான். எதிர்ல இத்தாலிக்காரன் நார்டி, நல்லா ஆடக்கூடிய பையன். ஆனா அன்னிக்கு 6-1, 6-4. அந்த ஜெயத்தோட நாகல் உலகத்துல முதல் நூறு பேருக்குள்ள வந்துட்டான். கடைசிப் பாயிண்டு முடிஞ்சதும் ஜனங்க எழுந்து நின்னு தட்டினாங்க. எனக்கு எழுந்திருக்கத் தோணலை. கீழே பந்து பொறுக்குற பசங்களையே பாத்துக்கிட்டு இருந்தேன். முதல்ல ஏழு கேம், அப்புறம் ஒன்பது கேமுக்கு ஒரு தடவை புதுப் பந்து எடுக்கிறாங்க. நாங்க ஒரு டப்பா பந்தை மொட்டையாகிற வரைக்கும் மாசக்கணக்கா ஓட்டுவோம்.

ரயில்ல திரும்பி வரும்போது மகன்கிட்ட போன்ல பேசினேன். “யாரைப் பாத்து அழுதீங்க? நாகலைப் பாத்தா?”ன்னு கேட்டான். கவனிச்சிருக்கான். இல்லைன்னு மட்டும் சொன்னேன். மிச்சத்தை இங்க எழுதுறேன்.

அந்த கிளப்புல ரெண்டரை வருஷம் இருந்தேன். மெம்பருங்க வர்ற நேரத்துல நான் மட்டையைத் தொடக்கூடாது. அதனால விடியக்காலை அஞ்சரை மணிக்குப் போயிடுவேன். கோர்ட்டு பெருக்குறதுக்கு முன்னாடி, வெளிச்சம் வந்ததும் அண்ணன் என்னோட ஒரு செட்டு ஆடுவார். எனக்கு உடைஞ்ச மட்டை ஒண்ணை ஒட்டுப்போட்டுக் கொடுத்திருந்தார். தாசில்தாருக்கு வலது பக்கமா போட்டுக் கொடுக்கிறவர், டாக்டருக்கு நெஞ்சுக்கு நேரா போட்டுக் கொடுக்கிறவர், எனக்கு ஒரு பந்து கூட அப்படிப் போட மாட்டார். மூலைக்கு ஓட விடுவார். அங்க ஓடினா இந்தப் பக்கம் போடுவார். நெட்டுக்கு வந்தா தலைக்கு மேல தூக்கிப் போடுவார். தினமும் 6-0. சம்பளம் கொடுக்கிறவங்ககிட்ட எல்லாம் தோக்கிறவர், நாப்பது ரூபாய் வாங்குற சாணி மெழுகுற பயகிட்ட மட்டும் ஒரு கேம் விடலை. அப்ப எனக்குக் கோவமா வரும். வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட, “அந்தாளுக்கு என்னைக் கண்டா ஆகலை”ன்னு சொல்லியிருக்கேன்.

இப்ப எனக்கு அம்பத்து மூணு வயசு. நுங்கம்பாக்கத்துல உக்காந்திருந்தப்பதான் அது உறைச்சுது. ஒரே ஒரு நாள் நிஜமா ஆடினதுக்கு ஒரு வாரம் வெளியே நின்னார்னு இத்தனை வருஷம் சொல்லிக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் இல்லை. தினமும் விடியக்காலையில அவர் நிஜமாத்தான் ஆடியிருக்கார். பாக்கிறதுக்குத்தான் யாரும் இல்லை, என்னைத் தவிர.

அண்ணன் இறந்து பதினேழு வருஷம் ஆச்சு. ரெண்டு கோர்ட்டுல ஒண்ணு இப்ப கார் நிறுத்துற இடம். இன்னொண்ணு சிமெண்ட் போட்டுப் பச்சை அடிச்சிருக்கு. எங்க ஊர்லயும் களம் கிடையாது. மிஷின் அறுக்குது, நெல்லை ரோட்டுல காயப்போடுறோம். மெழுகத் தெரிஞ்ச கை சும்மா இருக்கு.

1989-ல அப்பா விஷயத்தைச் சொன்னப்ப, அண்ணன் பேப்பரை மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டு, “வா, ஒரு செட்டு ஆடிட்டுப் போ”ன்னார். மெம்பருங்க வர இன்னும் நேரம் இருந்துச்சு. ஆடினோம். அன்னிக்கு 6-1. ரெண்டரை வருஷத்துல நான் எடுத்த ஒரே ஒரு கேம் அதுதான். அவர் பின்பக்கக் கோட்டுல நின்னு அடிச்ச பந்து நெட்டுல மோதி அவர் பக்கமே விழுந்துச்சு. அது அவர் கொடுத்ததா, நான் எடுத்ததான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை. கேட்டுருக்கலாம். கேட்கலை.